காணும் பொங்கலுக்கு 25 பேர் வருகிறார்கள், என்ன கொறிக்கத் தருவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். காணும் பொங்கலன்று மாலை 5 மணிக்கு உறவினர்கள் 25 பேர் வருகிறார்கள். அவர்களில் 6 பேர் குழந்தைகள், 2 பேருக்குச் சர்க்கரை நோய், நான்கைந்து பேர் சைவம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிரியாணி 8:30 மணிக்கு வெளியிலிருந்து வந்துவிடும். அதுவரை கொறிப்பதற்கு வீட்டிலேயே செய்த பண்டங்கள் வேண்டும், ஆனால் சுலபமாக இருக்க வேண்டும். இரண்டு பர்னர் அடுப்பு, உதவிக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும்.

என் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுப் பட்டியலுக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமான புதிதில் கணவர் வீட்டுச் சொந்தங்கள் 30 பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள். பஜ்ஜி போடலாம் என்று நானே வாய்விட்டேன். வாழைக்காய், வெங்காயம், மிளகாய் என்று மூன்று வகை. தட்டு ஹாலுக்குப் போவதும் காலியாகித் திரும்புவதுமாக இரண்டு மணி நேரம் போனது. பெரிய மாமனார் ஏதோ பழைய கதை சொல்ல, வீடே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கதை என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிளம்பும்போது நாத்தனார், “அண்ணி, உங்களைப் பார்க்கவே முடியவில்லையே” என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு சட்டம். ஆட்கள் வந்த பிறகு எண்ணெய்ச் சட்டி ஒரு முறைதான் அடுப்பில் ஏறும், ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். மற்றதெல்லாம் ஆறினாலும் ருசி குறையாத பண்டங்களாக இருக்க வேண்டும், அல்லது முன்னரே செய்து வைத்துக் கடைசியில் கலந்து கொடுக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான்.

அதனால் எதையெல்லாம் தவிர்ப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பஜ்ஜியும் போண்டாவும் வேண்டாம். சட்டியிலிருந்து எடுத்த பத்து நிமிடத்தில் பஜ்ஜி தளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் காயின் ஈரம் மேல்மாவுக்கு வந்துகொண்டே இருக்கும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கோபி மஞ்சூரியனும் அப்படித்தான். சாஸில் புரட்டிய நிமிடத்திலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். குழிப்பணியாரம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 2 என்றாலும் 50 பணியாரம் வேண்டும். வீட்டில் இருப்பது 7 குழிக் கல். ஓர் ஈடு எடுக்க 6 நிமிடம் என்றால் 8 ஈட்டுக்கு 48 நிமிடம், அதுவும் குச்சியும் கையுமாகத் திருப்பிக்கொண்டே நிற்க வேண்டும். ஐந்தாறு பேர் வந்தால் பணியாரம் சுடுங்கள், 25 பேருக்கு வேண்டாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. பின்னால் முழுச் சாப்பாடு வருகிறது என்றால் ஆளுக்கு ஐந்தாறு துண்டும் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டலும் போதும். சாப்பாடே கிடையாது, இதுதான் சாப்பாடு என்றால் அதை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பயந்து பயந்து மூன்று மடங்கு செய்துவிடுகிறோம், பிறகு பிரியாணி மீந்துவிட்டது என்று வருத்தப்படுகிறோம்.

பட்டியலில் முதல் இடம் சேலத்துத் தட்டுவடை செட்டுக்கு. நான் சேலத்துக்காரி, ஓரவஞ்சனை என்று நினைத்தாலும் பரவாயில்லை. சேலத்தில் மாலையானால் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் விற்பது இதுதான். ஒரு தட்டை, அதன்மேல் கொஞ்சம் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே இன்னொரு தட்டை. அப்படியே முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிடுகிறேன் என்று நாகரிகம் பார்த்தால் பாதி சட்டையில் விழும். அடுப்பே இல்லாமல், இருவர் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் 40 செட் அடுக்கிவிடலாம். வீட்டில் செய்யும் சிற்றுண்டியில் இதைவிடச் சுலபமானதும் இதைவிடப் பார்வைக்கு அழகானதும் எனக்குத் தெரியாது.

இதன் உயிர் இரண்டு சட்னிகளில் இருக்கிறது. சிவப்புச் சட்னிக்கு 15 காய்ந்த மிளகாயை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, 10 பல் பூண்டு, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, உப்பு சேர்த்து நைசாக அரையுங்கள். பச்சைச் சட்னிக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி, அதில் பாதி புதினா, நான்கைந்து பச்சை மிளகாய், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. இரண்டிலும் தேங்காய் சேர்க்கக் கூடாது. தேங்காய் இல்லாததால்தான் முந்தின நாளே அரைத்து ஃபிரிட்ஜில் வைக்க முடிகிறது. சட்னி கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் தட்டை நமுத்து, தாம்பூலத் தட்டில் மழை பெய்தது போல் ஆகிவிடும். பீட்ரூட்டைத் துருவியதும் ஒரு பிடி பிடித்துச் சாற்றைப் பிழிந்துவிடுங்கள். வெங்காயத்துக்கு உப்புப் போடாதீர்கள், நீர் விடும். கடைசியில் செட்டின்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு.

தட்டையை நான்கு நாள் முன்பே சுட்டு டப்பாவில் போட்டுவிடலாம். 4 கப் அரிசி மாவுக்கு அரை கப் பொட்டுக்கடலை மாவு, கால் கப் வறுத்த உளுந்து மாவு, 3 தேக்கரண்டி வெண்ணெய், எள், பெருங்காயம், மிளகாய்த்தூள், உப்பு. செட்டுக்கென்று செய்யும்போது ஊறவைத்த கடலைப்பருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக வரும். இரண்டு அங்குல வட்டமாகத் தட்டி, முள் கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிட்டுத்தான் எண்ணெயில் போட வேண்டும். குத்தாவிட்டால் உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் பூரி போல் உப்பிவிடும், உப்பியதன்மேல் எதையும் அடுக்க முடியாது. எண்ணெயில் குமிழி அடங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நேரமில்லையா, நல்ல கடையில் வாங்குங்கள். சட்னி உங்களுடையது என்றால் அது வீட்டுப் பண்டம்தான், நான் தீர்ப்புச் சொல்கிறேன்.

உடைந்த தட்டைகளை எறியாதீர்கள். அவற்றை நொறுக்கி, அதே காய், அதே சட்னி, கொஞ்சம் பொரி, வறுத்த வேர்க்கடலை சேர்த்துக் குலுக்கினால் சேலத்தில் ‘நொறுக்கல்’ என்பார்கள். கரூர்ப் பக்கம் போனால் இதன் பங்காளி ‘கரம்’ என்ற பெயரில் கிடைக்கும். பெரியவர்கள் செட்டைத் தேடுவார்கள், இளவட்டம் நொறுக்கலைத்தான் தேடும்.

அடுத்தது சுண்டல். சென்னை மெரினா கடற்கரையில் ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’ என்று கூவி விற்கிறார்களே, அந்த வகை. தை மாதத்தில் மாங்காய் தேடி அலைய வேண்டாம், எலுமிச்சையே போதும். காய்ந்த வெள்ளைப் பட்டாணி 750 கிராம் 25 பேருக்குச் சரியாக இருக்கும். முந்தின இரவே மூன்று மடங்கு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தண்ணீர் மாற்றி, குக்கரில் இரண்டு விசில். சோடா உப்பு போடாதீர்கள், குழைந்து கூழாகிவிடும். புளிப்பு எதுவானாலும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் பட்டாணி வேகாமல் முரண்டு பிடிக்கும். பலர் கோட்டை விடும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. வெந்த பட்டாணியைக் குக்கரிலேயே விட்டுவிடுகிறார்கள், அது அந்தச் சூட்டிலேயே மேலும் வெந்து தோல் உரிந்துவிடுகிறது. பிரஷர் அடங்கியதும் வடித்துப் பெரிய தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். வடித்த தண்ணீர் ரசத்துக்கு.

தாளிப்பைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், இஞ்சியும் பச்சை மிளகாயும் ஒன்றிரண்டாக இடித்தது. தேங்காய்ப் பூவை மட்டும் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். சர்க்கரை உள்ளவர்களை முதலில் இந்தப் பக்கம் உட்காரவையுங்கள். தனியாக ஒரு கிண்ணத்தில் நோயாளிக்கென்று கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். எல்லோரும் சாப்பிடுவதிலேயே அவர்களுக்கு ஏற்றதும் இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

மூன்றாவது மணிக் கொழுக்கட்டை. சில வீடுகளில் அம்மிணிக் கொழுக்கட்டை என்பார்கள். இடியாப்ப மாவு அரைக் கிலோ போதும். ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கப் வரை கொதிக்கும் தண்ணீர். மாவுக்கு மாவு இது மாறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்துக் கைபொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும், ஆறினால் விரிசல் விடும். சுண்டைக்காய் அளவு உருட்டி 10 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். 250 உருண்டைக்குக் குறையாமல் வரும், ஆளுக்குப் பத்து. உருட்டுவது அலுப்பான வேலைதான். ஆனால் முன்னதாகவே வந்துவிடும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் முன்னால் மாவை வைத்து, யார் அதிகம் உருட்டுகிறார்கள் பார்ப்போம் என்று சொன்னால் போதும். ஒன்று கோலிக்குண்டு போல், ஒன்று மிளகு போல் இருக்கும், அதைப் பெரிதுபடுத்தக் கூடாது.

வெந்ததும் உடனே தாளிக்காதீர்கள். சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டும். கால் மணி நேரம் ஆறவிட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் புரட்டி, மேலே இட்லி மிளகாய்ப்பொடி. குழந்தைகளுக்குப் பொடி இல்லாமல் தேங்காய்ப் பூவும் கொஞ்சம் சர்க்கரையும். ஓர் எச்சரிக்கை: இதை முந்தின நாள் செய்து ஃபிரிட்ஜில் வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைப்பது போல அரிசி மாவும் குளிரில் விறைத்துக் கல்லாகிவிடும். அன்று பிற்பகல் 3 மணிக்குச் செய்தால் 6 மணி வரை மெத்தென்று இருக்கும். தவறிப்போய் இறுகிவிட்டால் மறுபடி மூன்று நிமிடம் ஆவி காட்டுங்கள், வழிக்கு வந்துவிடும்.

பொங்கல் சமயம் என்பதால் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பனங்கிழங்கும் பச்சை மொச்சையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சந்தையில் குவிந்து கிடக்கும். இவற்றை யாரும் விருந்தாளிக்கு வைக்கும் பண்டமாக நினைப்பதில்லை, வீட்டுக்குள் நாமே உரித்துத் தின்பது என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டு வருடங்களாக நான் வைக்கிறேன், தட்டு முதலில் காலியாவது இதுதான். பனங்கிழங்கின் மேல்தோலை உரித்து, மண் போகக் கழுவி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில். ஆறியதும் நெடுக்கே பிளந்து நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டு, நாரை உரித்து, விரல் நீளத் துண்டுகளாகச் சாய்வாக வெட்டி, மிளகுத்தூள் தூவி வையுங்கள். நார் எடுப்பதில் சோம்பல் வேண்டாம், பல் கட்டிய தாத்தாக்கள் சபிப்பார்கள். தென்மாவட்டத்தார் வெந்த கிழங்கைப் பச்சை மிளகாய், பூண்டு, தேங்காயோடு இடித்து உருண்டை பிடிப்பார்கள். அதற்குக் கொஞ்சம் உழைப்பு தேவை, ஆனால் ஒரு முறை செய்துவிட்டால் வருடா வருடம் கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். புழுக்கொடியலோடு ஒரு துண்டுத் தேங்காய்ச் சொட்டு வைத்துக் கடித்துப் பாருங்கள் என்று அங்கிருந்து வந்த தோழி ஒருத்தி ஒரு பொட்டலம் கொடுத்தாள். தாடைக்கு நல்ல பயிற்சி. விருந்துக்கு வைக்கமாட்டேன், ஆனால் கதை பேச இதைவிட நல்ல துணை இல்லை.

பச்சை மொச்சைக்கு உரித்து உப்புப் போட்டு அவிப்பதைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம்.

இனி எண்ணெய்ச் சட்டிக்கு வருவோம். அந்த ஒரு முறை எதற்கு என்றால் என் ஓட்டு மசால் வடைக்கு. உளுந்து வடை ஆறினால் ரப்பர், மசால் வடை ஆறினாலும் மசால் வடைதான். மாவைக் காலையிலேயே அரைத்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. அரைக் கிலோ கடலைப்பருப்பைச் சிறியதாகத் தட்டினால் 40-லிருந்து 45 வடை வரும்.

பருப்பு இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுவதும் ஊறினால் தண்ணீர் குடித்து, அரைக்கும்போது விழுதாகி, வடை மொறுமொறுப்பை இழந்துவிடும். வடிகட்டியில் கால் மணி நேரம் வைத்து ஒட்டத் தண்ணீர் வடியவிடுங்கள். ஒரு பிடிப் பருப்பை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைச் சோம்பு, காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டோடு மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. பாதி உடைந்தும் பாதி நைந்தும் இருக்க வேண்டும். எடுத்து வைத்த பருப்பைக் கலந்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெங்காயமும் உப்பும் கறிவேப்பிலையும் சுடப்போகும் நேரத்தில்தான் சேர வேண்டும். உப்பு வெங்காயத்தின் நீரை இழுக்கும், நீர் இறங்கிய மாவு எண்ணெயில் உதிரும். வடை உதிர்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது உப்புப் போட்டீர்கள் என்பதுதான். அப்படியும் தளர்ந்துவிட்டால் ஒரு கைப்பிடி அரிசி மாவு காப்பாற்றும்.

எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்கிறதா என்பதற்குத் தெர்மாமீட்டர் வேண்டாம். கிள்ளு மாவு போட்டுப் பாருங்கள். அடியில் போய் ஒரு கணம் தங்கி, குமிழிகளோடு மேலே வந்தால் சரி. அடியிலேயே படுத்திருந்தால் இன்னும் காயவில்லை, அதில் போட்ட வடை எண்ணெய் குடிக்கும். போட்டவுடன் மேலே பாய்ந்து சிவந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். ஒரே நேரத்தில் சட்டியை நிறைக்காதீர்கள். குளிர்ந்த மாவு மொத்தமாக விழுந்தால் எண்ணெயின் சூடு சடாரென்று இறங்கிவிடும். ஏழெட்டு வடை போதும். எடுத்ததும் எங்கே வைக்கிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. தூக்குவாளியில் போட்டு மூடினால் தன் ஆவியிலேயே தானே நமுத்துப்போகும். கம்பி வலைத் தட்டிலோ மாவுச் சல்லடையிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்துத் திறந்தே விடுங்கள்.

அசைவம் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறாராம், சொல்லட்டும். கோலா உருண்டை செய்யுங்கள். மேல்மாவு எதுவும் தேவையில்லை, காலையிலேயே உருட்டி வைத்துவிடலாம். அரைக் கிலோ கொத்துக்கறியைக் கழுவி நன்றாகப் பிழிந்து, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, சோம்பு, காய்ந்த மிளகாய், மஞ்சள்தூளோடு தண்ணீர் முழுவதும் வற்றும்வரை வதக்குங்கள். ஆறியதும் தண்ணீர் விடாமல் அரைத்து, 100 கிராம் பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்தால் நெல்லிக்காய் அளவில் சுமார் 35 உருண்டை வரும். எண்ணெயில் பிளந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள், இன்னும் இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு. முதல் உருண்டையை எப்போதும் தனியாகப் போட்டுச் சோதியுங்கள். சட்டியில் முதலில் வடை, பிறகுதான் கோலா. வரிசை மாறினால் சைவக்காரர்கள் வடையையும் தொடமாட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். சிக்கன் 65 வேண்டாமா என்பீர்கள். பிரியாணிக் கடையிலேயே அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம், நீங்கள் ஏன் மெனக்கெட வேண்டும்?

எண்ணெய்ச் சட்டியே வேண்டாம் என்றால் கட்லெட். ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கு 400 கிராம் காய் சேர்த்தால் 30 வரும். இரண்டு நாள் முன்பே வடிவம் பிடித்து ஃபிரீஸரில் வைத்து, அன்று தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கவைத்தால் ஆயிற்று. உருளையைத் தோலோடு முழுதாக வேகவைத்து, முற்றிலும் ஆறிய பிறகு மசியுங்கள். வெட்டி வேகவைத்தது தண்ணீர் கோத்துக்கொண்டு கையில் ஒட்டும். இலங்கைத் தமிழர் வீடுகளில் இதற்குள் டின் மீனை உதிர்த்து மிளகு தூக்கலாகப் போட்டு உருண்டையாகவே பொரிப்பார்கள். அங்கே பிறந்தநாளோ சாமத்திய வீடோ (நம் மஞ்சள் நீராட்டு விழா) எதுவானாலும் கட்லெட்டும் ரோல்ஸும் இல்லாமல் தட்டு நிறையாது.

குழந்தைகளுக்கென்று தனியாகச் சமைக்காதீர்கள். செட்டில் காரச் சட்னிக்குப் பதிலாகப் பேரீச்சம்பழமும் புளியும் வெல்லமும் சேர்த்தரைத்த இனிப்புச் சட்னி தடவுங்கள், வேகவைத்த சோளத்தில் வெண்ணெய் போட்டு ஒரு கிண்ணம் வையுங்கள், போதும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை எதுவும் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே தாய்மாரிடம் கேட்டுவிடுங்கள். குடிக்கச் சுக்குமல்லிக் காபி, கருப்பட்டி போட்டு, பெரிய பிளாஸ்கில். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டி இல்லாமல் ஒரு சின்ன பிளாஸ்க். கருப்பட்டி நல்லதுதானே என்று யாராவது வாதம் செய்வார்கள், அவர்களுக்கும் அதே சின்ன பிளாஸ்க்.

இப்போது இதை நாட்களில் பிரித்துப் போடுகிறேன். போகிக்கு முந்தின நாளே தட்டையைச் சுட்டு டப்பாவில் அடைத்துவிடுங்கள், பொங்கல் அன்றும் மாட்டுப் பொங்கல் அன்றும் சமையலறை உங்கள் கையில் இருக்காது. மாட்டுப் பொங்கல் இரவு பட்டாணியை ஊறவைத்து, சட்னி இரண்டும் அரைத்துவிட்டுத் தூங்குங்கள். காணும் பொங்கல் காலை கடலைப்பருப்பு ஊறும் இரண்டு மணி நேரத்தில் பட்டாணியும் பனங்கிழங்கும் மொச்சையும் அடுத்தடுத்துக் குக்கரில் ஏறி இறங்கிவிடும். ஆறியதும் கிழங்கும் மொச்சையும் ஃபிரிட்ஜுக்கு, பட்டாணியும் அப்படியே. 11 மணிக்கு வடை மாவு அரைத்து, கோலா உருட்டி உள்ளே வையுங்கள். மதியம் படுத்துத் தூங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முக்கால் மணி நேரமாவது தூங்க வேண்டும். 3 மணிக்குக் கொழுக்கட்டை, 4 மணிக்குச் சுண்டல் தாளிப்பு, 4:30-க்குக் காய் துருவல். 5 மணிக்கு முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.

வந்தவுடன் நீட்டுவது சூடான பண்டமாக இருக்க வேண்டியதில்லை. பயணம் செய்து வந்தவர்கள் முதலில் கேட்பது தண்ணீரும் உட்கார இடமும்தான். முதல் அரை மணி நேரத்துக்குக் கிழங்கும் மொச்சையும் சுண்டலும் கொழுக்கட்டையும் போதும். பாதிக் கூட்டம் சேர்ந்ததும், 5:45 வாக்கில், செட் அடுக்கும் வேலையை ஹாலிலேயே தொடங்குங்கள். மகள் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம் உட்கார்ந்து அடுக்கட்டும். அதுவே ஒரு வேடிக்கையாகி நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். அடுக்கிய செட்டை ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவைக்காதீர்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு 6:30-க்குச் சட்டி ஏறட்டும், 7:30-க்குள் இறங்கட்டும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், அது மாமியாரே ஆனாலும், அடுப்பு மூடியாயிற்று என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். 8:30-க்குப் பிரியாணி வரும்போது வயிற்றில் இடம் இருக்க வேண்டுமே.

எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்தால் அந்த மூலையில் நெரிசலாகும், பெரியவர்கள் எழுந்து வரவும் கூச்சப்படுவார்கள். ஹாலில் ஒரு தட்டு, திண்ணையிலோ பால்கனியிலோ ஒரு தட்டு என்று பிரியுங்கள். சுண்டலைத் தொன்னையில் கொடுத்தால் கழுவும் வேலை மிச்சம். தொன்னையும் நாரும் போடக் கண்ணில் படுகிற மாதிரி ஒரு கூடை வையுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து சோபாவுக்கு அடியில் பனங்கிழங்கு நார் கிடைக்கும், அனுபவம்.

சுண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வையுங்கள். வேகவைத்த பண்டம் எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் விடாதீர்கள், கோலாவும் தேங்காய் சேர்ந்ததும் முக்கியமாக. சித்திரை, வைகாசி வெயிலில் இதையே செய்தால் ஒரு மணி நேரம்தான் கெடு. தையில் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று அசட்டையாக இருக்க வேண்டாம், 25 பேர் அடைந்த அறை குளிராது.

மீந்தவற்றில் சட்னி இரண்டும் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். மேஜைக்கு வராமல் ஃபிரிட்ஜிலேயே இருந்த பட்டாணியை மறுநாள் குருமாவில் போடுங்கள். மசால் வடை மீந்தால் வடைகறி, சென்னை சைதாப்பேட்டைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த வடைகறி. வெங்காயம், தக்காளி, சோம்பு, பட்டை போட்டு மசாலா கொதிக்கவிட்டு, வடையைப் பிய்த்துப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால் இட்லிக்கு அதுபோல் ஒன்று கிடையாது. ஆனால் மசால் வடை மீந்து நான் பார்த்ததில்லை. அதனால் முதல் இரண்டு ஈட்டிலேயே பத்து வடையை எடுத்து, ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன்.